ஆறு நாளில் ஐந்து ஆட்டங்கள்: 1899-இல் செவானி அணி செய்தது என்ன?

கேள்வி இது: "1899-இல் ஒரு சிறிய அமெரிக்கக் கல்லூரி அணி ஆறே நாளில் ஐந்து ஆட்டங்கள் ஆடி, ஐந்திலும் வென்று, எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை என்கிறார்களே, உண்மையா? உண்மையென்றால், எதிரே ஆடியவர்கள் நோஞ்சான்களா?"

உண்மைதான். நாள், ஊர், புள்ளி எல்லாம் அப்படியே பதிவில் இருக்கின்றன. எதிரணிகளில் ஒன்றிரண்டு பலவீனமானவை என்பதும் உண்மை. ஆனால் அந்த ஆறு நாளை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பேசிப் பேசி, அந்தப் பருவத்தின் மிகக் கடினமான ஆட்டத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பது என் வருத்தம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இடத்தையும் ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அவை தெரியாவிட்டால் எண்கள் வெறும் எண்களாகவே நிற்கும்.

செவானி, டென்னசி மாநிலத்தில் கம்பர்லேண்ட் பீடபூமியின் மேல் இருக்கும் ஒரு சிற்றூர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 அடி உயரம். அங்கே எபிஸ்கோபல் திருச்சபையினர் 1857-இல் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அடித்தளம் போட்டார்கள். உள்நாட்டுப் போர் குறுக்கிட்டதால் 1868-இல்தான் வகுப்புகள் தொடங்கின. ஏட்டில் அதன் பெயர் 'யுனிவர்சிட்டி ஆஃப் தி சவுத்'. ஆனால் யாரும் அப்படி அழைப்பதில்லை. ஊர்ப் பெயரே கல்லூரிப் பெயராகிவிட்டது. 1899-இல் அங்கே படித்தவர்கள் சில நூறு பேர்தான். அடிவாரத்தில் இருக்கும் கோவன் என்ற ஊரிலிருந்து மேலே ஏற, நிலக்கரி இறக்குவதற்காகப் போட்ட ஒரு செங்குத்தான ரயில் பாதை இருந்தது. அதற்கு 'மலையாடு' என்று செல்லப் பெயர். அணி வெளியூர் போக வேண்டுமென்றால் அந்தப் பாதையில்தான் கீழே இறங்க வேண்டும்.

ஆட்டம், நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அன்று. அமெரிக்கக் கால்பந்து. அதுவும் இன்று தொலைக்காட்சியில் வருகிற வடிவத்தில் இல்லை. பந்தை முன்னோக்கி எறிவது அப்போது விதிமீறல். 1906-இல்தான் அதற்கு அனுமதி வந்தது. மூன்று முயற்சிகளில் ஐந்து கஜம் நகர்த்தினால் பந்து உங்களிடமே இருக்கும். இல்லையென்றால் எதிரணிக்குப் போய்விடும். ஐந்து கஜம்தானே என்று தோன்றும். எறியவும் முடியாது, சுற்றிப் போக இடமும் குறைவு என்றால் என்ன செய்வார்கள்? பந்து வைத்திருப்பவனை நடுவில் வைத்து, முன்னால் நாலு பேர் இடிக்க, பின்னால் நாலு பேர் தள்ள, ஒரே கும்பலாக எதிரணியின் மேல் போய் விழுவார்கள். விழுந்த குவியலின் அடியில் பந்தோடு கிடப்பவன் எழுந்து, மறுபடியும் அதையே செய்வான். ஓர் ஆட்டத்தில் இது பல பத்து முறை நடக்கும்.

தலைக்கவசம் பெரும்பாலும் கிடையாது. அதற்குப் பதிலாகத் தலைமுடியை நீளமாக வளர்த்தார்கள். சிலர் மூக்கைக் காக்க ரப்பர் மூடி ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். தாக்குதலுக்கும் தடுப்புக்கும் அதே பதினொருவர். ஒருவன் வெளியேறினால் அந்த ஆட்டத்தில் திரும்ப உள்ளே வர முடியாது. எனவே காயம் பட்டவன் வெளியே போகவே மாட்டான். ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் எழுபது நிமிடம். கேப்டன்கள் பேசி அதைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. புள்ளிக் கணக்கும் வேறு. பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவதுதான் டச் டவுன், அதற்கு ஐந்து, அதன் பின் உதைக்கும் கோலுக்கு ஒன்று, ஆட்டத்தின் நடுவே உதைத்துப் போடும் கோலுக்கும் ஐந்து. இந்த 'ஒன்று' என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆட்டம் ஆளைக் கொல்லும் என்பது அன்று எல்லோருக்கும் தெரியும். 1897 அக்டோபர் 30-ஆம் தேதி, அட்லாண்டாவில் வர்ஜீனியாவுக்கு எதிராக ஆடிய ஜார்ஜியா பல்கலைக்கழக மாணவர் ரிச்சர்ட் வான் காமன் ஒரு குவியலின் அடியில் தலையில் அடிபட்டு, மறுநாள் இறந்துபோனார். ஜார்ஜியா சட்டமன்றம் இந்த ஆட்டத்துக்கே தடை விதித்து மசோதாவை நிறைவேற்றியது. ஆட்டத்தைத் தடை செய்ய வேண்டாம் என்று அந்தப் பையனின் தாயே கடிதம் எழுதினார். ஆளுநர் அட்கின்சன் மசோதாவில் கையெழுத்திட மறுத்தார். அது நடந்து இரண்டே ஆண்டில், அதே அட்லாண்டாவில், அதே ஜார்ஜியா அணியை எதிர்த்துத்தான் செவானியின் 1899 பருவம் தொடங்கியது.

இனி, ஆறு நாளில் ஐந்து ஆட்டம் என்ற யோசனை யாருடையது? வீரத்தைக் காட்டுவதற்காக யாரும் திட்டமிடவில்லை. பணத்துக்காக நடந்தது. செவானிக்கு வருமானம் தரும் பெரிய ஆட்டம், நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு ஆடுவது. டிக்கெட் வசூலைப் பங்கு போடுவதில் இருவருக்கும் தகராறு வந்து, அந்த ஆண்டு அந்த ஆட்டமே இல்லாமல் போனது. கல்லாவில் விழுந்த ஓட்டையை அடைக்கும் பொறுப்பு அணியின் மேனேஜரிடம் வந்தது. மேனேஜர் என்றால் சம்பளத்துக்கு வந்த பெரியவர் இல்லை. இருபது வயது மாணவர், லூக் லீ. அவர் போட்ட கணக்கு இது: தெற்கே ஒரு பயணம் போவதற்கு ஆகும் ரயில் செலவு, ஓர் ஆட்டம் ஆடினாலும் ஐந்து ஆட்டம் ஆடினாலும் பெரிதாக மாறாது. அப்படியானால் வழியில் இருக்கிற ஒவ்வொரு கல்லூரியோடும் ஓர் ஆட்டம் வைத்துக்கொண்டால் என்ன?

அட்டவணையை முழுதாகப் பார்த்தால், லீ இந்தக் கணக்கைப் பருவம் முழுவதும் போட்டிருப்பது தெரிகிறது. அக்டோபர் 21 சனிக்கிழமை அட்லாண்டாவில் ஜார்ஜியாவை 12-0 என்று வென்றார்கள். ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கி, திங்கட்கிழமை ஜார்ஜியா டெக் அணியை 32-0 என்று வென்றார்கள். ஒரே பயணச் செலவில் இரண்டு வசூல். பிறகு சொந்த ஊரில் இரண்டு ஆட்டங்கள்: டென்னசியை 46-0, சவுத்வெஸ்டர்ன் பிரெஸ்பிடீரியனை 54-0. அதன் பின்புதான் அந்தப் பெரிய பயணம்.

மொத்தம் ஏறத்தாழ 2,500 மைல், அதாவது 4,000 கிலோமீட்டர். படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டியில் கிளம்பினார்கள். பயிற்சியாளர் ஹெர்மன் சூட்டர், பிரின்ஸ்டனில் ஆடி வந்தவர். வெளியூர்த் தண்ணீர் வயிற்றைக் கெடுத்துவிடும் என்ற பயத்தில் செவானியின் ஊற்றுத் தண்ணீரைப் பீப்பாயில் நிரப்பி ரயிலில் ஏற்றினார்கள் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். வழியில் கண்ட தண்ணீரைக் குடிக்காதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அனுப்புவதைப் போன்ற அக்கறை அது. பந்தாட்டக் காலணிகளை எல்லாம் செவானி ரயில் நிலையத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்பி, பிறகு அவசரமாக வரவழைத்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

நவம்பர் 9, வியாழக்கிழமை, ஆஸ்டின். எதிரே டெக்சாஸ் பல்கலைக்கழகம். இந்தப் பயணத்தின் வலுவான எதிரணி இதுதான். அந்தப் பருவத்தில் டெக்சாஸ் தோற்றது இரண்டே ஆட்டத்தில், அதில் ஒன்று இது. ரயிலில் கால் மடக்கி உட்கார்ந்து வந்த உடம்போடு செவானி 12-0 என்று வென்றது. கேப்டன் ஹென்றி சீபல்ஸுக்குத் தலையில் வெட்டுக்காயம். இரத்தம் ஒழுக, கட்டுப் போட்டுக்கொண்டு தொடர்ந்து ஆடினார். முன்பே சொன்னேனே, வெளியே போனால் திரும்பி வர முடியாது.

அன்றிரவே ரயில். நவம்பர் 10, வெள்ளி, ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணி. 10-0. மறுபடியும் ரயில். நவம்பர் 11, சனி, நியூ ஆர்லியன்ஸில் துலேன். 23-0. ஞாயிற்றுக்கிழமை திருச்சபைக் கல்லூரிக்கு ஆட்டம் ஆகாது, எனவே ஓய்வு. திங்கட்கிழமை, நவம்பர் 13, பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம். 34-0. அங்கிருந்து வடக்கே இரவெல்லாம் ரயில் ஓடி, செவ்வாய்க்கிழமை மெம்ஃபிஸில் மிசிசிப்பி பல்கலைக்கழகம். 12-0. ஐந்தையும் கூட்டினால் 91-0.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி, நோஞ்சான்களா என்பது. துலேன் பலவீனமான அணிதான். அந்த ஆண்டு அவர்கள் ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. லூசியானாவும் அன்று சொல்லிக்கொள்ளும் அணி இல்லை. அந்த இரண்டு பெரிய புள்ளி வித்தியாசங்களை வைத்து நான் செவானியை மெச்ச மாட்டேன். மெச்சுவது மெம்ஃபிஸ் ஆட்டத்துக்காக. உடம்பு ஐந்தாம் முறையாக அதே இடிபாட்டுக்குப் போகிறது. எதிரே நிற்பவர்களுக்கு அன்றுதான் வேலை. அந்த நிலையிலும் ஒருமுறைகூட அவர்களைக் கோட்டுக்குள் விடவில்லை. களைத்த அணி முதலில் கோட்டை விடுவது தடுப்பில்தான். விளையாடிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

பதின்மூன்று பேர்தான் பயணம் போனார்கள் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். கதை சொல்பவர்களுக்கு அந்த எண் வசதியாக இருக்கிறது. பயணம் போனவர்கள் அதைவிட அதிகம். ஆனால் சுமை விழுந்தது ஒரு சிறு வட்டத்தின் மேல்தான் என்பதில் ஐயமில்லை: சீபல்ஸ், பின்வரிசையில் நிற்கும் ஃபுல்பேக் ஆர்மண்ட் சிம்கின்ஸ், பந்தை முதலில் வாங்கி மற்றவர்களிடம் கொடுக்கும் குவாட்டர்பேக் 'வார்ப்ளர்' வில்சன், கில்பாட்ரிக், சிம்ஸ் என்று ஒரு கைப்பிடிப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

இவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு பெயர் கால் பரோஸ். அணியின் உடல் பராமரிப்பாளர், கருப்பினத்தவர். அடிபட்டுக் கன்றிப்போன தசைகளைத் தேய்த்து, நீவி, அடுத்த நாள் ஆட்டத்துக்கு ஆட்களைத் தயார் செய்தவர் அவர். இன்றைய அணிகளில் இந்த வேலைக்கு ஒரு குழுவே இருக்கும். அன்றைய தெற்கில் அவரைப் போன்றவர் அந்தக் கல்லூரியில் மாணவராகச் சேரவும் முடியாது, அந்த அணியில் ஆடவும் முடியாது. கல்லூரியை நிறுவியவர்களில் ஒருவரான பிஷப் லியோனிடாஸ் போல்க், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் தளபதி. ஆறு நாளில் ஐந்து ஆட்டம் ஆட முடிந்ததில் பரோஸின் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். வீரர்களின் பட்டியலைச் சொல்லும்போது அவரை விடுவது நியாயமாகாது.

பயணம் முடிந்து ஊர் திரும்பி, நவம்பர் 20-ஆம் தேதி கம்பர்லேண்ட் அணியை 71-0 என்று வென்றார்கள். அதுவரை பத்து ஆட்டங்கள், பத்திலும் எதிரணிக்குச் சுழியம். பெரும்பாலானவர்கள் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கோ இங்கேதான் தொடங்குகிறது.

நவம்பர் 30, நன்றி நவிலல் நாள், அலபாமாவின் மாண்ட்கோமரி. எதிரணி ஆபர்ன். அதன் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இன்று கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்குத் தரும் பரிசு அவர் பெயரில்தான் இருக்கிறது. அன்று அவருக்கு முப்பது வயது. ஆட்களின் எடையைவிட வேகத்தையும் ஒழுங்கையும் நம்பியவர். ஒரு குவியல் கலைவதற்குள் அடுத்த முயற்சிக்கு அணியை நிறுத்திவிடுவார். எதிரணிக்கு மூச்சு வாங்க நேரம் தரமாட்டார். பன்னிரண்டு நாட்களில் ஆறு ஆட்டங்கள் ஆடி முடித்த அணிக்கு இதைவிடக் கொடிய எதிரி அமைந்திருக்க முடியாது.

ஆபர்ன், அந்தப் பருவத்தில் வேறு யாரும் செய்யாததைச் செய்தது. செவானியின் கோட்டைத் தாண்டியது. அதுவும் ஒருமுறையோடு நிற்கவில்லை. ஆட்டம் முடிந்தபோது எண்ணிக்கை செவானி 11, ஆபர்ன் 10. இரண்டு தரப்புக்கும் இரண்டிரண்டு ஐந்துகள். வித்தியாசம், டச் டவுனுக்குப் பின் உதைத்த ஒரே ஒரு கோல். அந்த உதை கம்பத்துக்கு வெளியே போயிருந்தால் ஆட்டம் சமன். ஆபர்ன் தன் இரண்டு உதைகளையும் சரியாகப் போட்டிருந்தால் செவானிக்குத் தோல்வி. இன்று யாரும் இந்த அணியைப் பற்றிக் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள், நானும் பதில் எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

ஹைஸ்மன் அந்தத் தோல்வியை ஏற்றுக்கொள்ளவில்லை. நடுவரின் தீர்ப்புகள் தவறு என்று செய்தித்தாளுக்கு நீளமாகக் கடிதம் எழுதினார், நடுவரும் பதில் சொன்னார். காணொளி இல்லாத காலம் அது. களத்தில் நின்ற நடுவரின் கண்தான் முதலும் முடிவும். எனவே யார் சொன்னது சரி என்று இனி முடிவு செய்ய வழியில்லை. ஆனால் அத்தனை பெரிய பயிற்சியாளர் அவ்வளவு கொதித்ததே ஆட்டம் எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதைக் காட்டுகிறது. செவானி வெல்வதற்காகத் திணற வேண்டி வந்த ஆட்டம் இது. ஆறு நாள் பயணத்தில் அவர்களுடைய தாங்கும் உடம்பைப் பார்க்கிறோம். மாண்ட்கோமரியில்தான் அவர்களுடைய நெஞ்சுரத்தைப் பார்க்கிறோம்.

இத்தோடும் லீ விடவில்லை. இரண்டே நாள் கழித்து, டிசம்பர் 2, அட்லாண்டாவில் வட கரோலினா. ஆரம்பத்தில் செய்த அதே வேலை: ஒரு பயணம், இரண்டு ஆட்டம், மூன்று நாள். முடிவு 5-0. அந்தக் கணக்கில் ஐந்து என்றால் ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் புள்ளி எடுத்தார்கள் என்று பொருள். அதை வைத்துக்கொண்டு மீதி நேரமெல்லாம் தடுத்து நின்றார்கள்.

ஆறு வாரத்தில் பன்னிரண்டு ஆட்டங்கள், பன்னிரண்டும் வெற்றி. எடுத்தது 322 புள்ளி, கொடுத்தது 10. அந்தப் பத்தும் ஒரே மாலையில், ஒரே ஊரில் கொடுத்தது.

நாட்டிலேயே தலைசிறந்த அணி இதுதானா என்றும் சிலர் கேட்பார்கள். அன்று பட்டம் தரும் முறை எதுவும் இல்லை. பிற்காலத்தில் பழைய பதிவுகளைப் பார்த்துத் தேர்ந்தவர்களில் பலர் 1899-க்கு ஹார்வர்டைத்தான் சொன்னார்கள். ஹார்வர்ட் பத்து வென்று, யேலுடன் 0-0 என்று சமன் செய்தது. வடக்கத்திய அணிகளோடு செவானி ஆடவே இல்லை, ஆகவே ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது முறையன்று. தெற்கில் அவர்களுக்கு நிகர் இல்லை என்பதை மட்டும் தயங்காமல் சொல்லலாம். அதிலும் ஒரு குறை உண்டு. வாண்டர்பில்ட்டோடு ஆடாமல் முடிந்த பருவம் அது. அந்த ஓர் ஆட்டம் நடந்திருந்தால் எனக்கு நிறைவாக இருந்திருக்கும். ஆனால் அது நடந்திருந்தால் பணத் தட்டுப்பாடு வந்திருக்காது, பயணமும் இருந்திருக்காது.

லூக் லீயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் விட மனமில்லை. இருபது வயதில் இப்படி ஒரு பயணத்தைக் கட்டி நடத்தியவர், 1907-இல் நாஷ்வில்லில் 'டென்னசியன்' நாளிதழைத் தொடங்கினார். 1911-இல் அமெரிக்க செனட்டுக்குப் போனார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையணி ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். போர் முடிந்ததும், 1919 ஜனவரியில், தன் ஆட்கள் சிலரோடு நெதர்லாந்துக்குள் நுழைந்து, அமரோங்கன் மாளிகையில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மானியப் பேரரசர் கைசர் வில்லியமைத் தூக்கி வரப் பார்த்தார். மாளிகைக்குள்ளேயே போய்விட்டார்கள். ஆனால் பேரரசர் வெளியே வரவில்லை, காவல் கூடிவிட்டது. உடன் சென்ற ஒருவர் மேசையில் இருந்த சாம்பல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்ததுதான் மிச்சம். இராணுவம் விசாரித்துக் கண்டித்தது. பிற்காலத்தில் வங்கி மோசடி வழக்கில் சிறைக்கும் போனார், பிறகு மன்னிப்பும் கிடைத்தது. நடக்காது என்று பிறர் ஒதுக்குவதை எடுத்துச் செய்து பார்க்கும் துணிச்சல் அந்த அட்டவணையிலேயே இருக்கிறது.

கேப்டன் சீபல்ஸ் 1973-இல் கல்லூரிக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். அப்போது அவர் உயிரோடு இல்லை.

செவானி என்ன ஆனது? 1932-இல் தென்கிழக்கு மாநாடு என்ற கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய கல்லூரிகளில் செவானியும் ஒன்று. 1899-இல் அது வீழ்த்திய ஜார்ஜியா, டென்னசி, லூசியானா, மிசிசிப்பி, ஆபர்ன் எல்லாம் அதே கூட்டமைப்பில் இருந்தன. அதற்குள் அவை பெரிய பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களாக வளர்ந்திருந்தன. மலைமேல் இருந்த சிறு கல்லூரியால் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்தக் கூட்டமைப்புக்குள் 37 ஆட்டங்கள் ஆடி 37-இலும் தோற்றது. 1940-இல் துணைவேந்தர் அலெக்சாண்டர் கெரி அணியை அதிலிருந்து விலக்கிக்கொண்டார். விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுத்து ஆள் சேர்ப்பதையும் கல்லூரி விட்டுவிட்டது. இன்றும் செவானிக்கு அணி இருக்கிறது. படிக்க வந்த மாணவர்களே சேர்ந்து, அதே மலைமேல், இலையுதிர் காலச் சனிக்கிழமைகளில் ஆடுகிறார்கள்.